பதம் சொல்லாத செய்முறைகள்

இலக்கியத் திங்களிதழ் ஒன்றில் சமையற்குறிப்புகளைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வதா என வாசகர் சிலர் வியக்கலாம். நமக்கும் தொடக்கத்தில் அத்தயக்கம் இருந்தது. ஆயினும், ஓர் எழுத்து வாசகனை எவ்வாறு நம்பவைக்கிறது, நம்பியவனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பதே திறனாய்வின் கடமை என்றால், அந்தச் சோதனைக்குச் செய்முறையைப் போல உடனே உட்படும் எழுத்து வேறில்லை. கவிதை பொய்த்தால் வாசகன் ஏட்டை மூடிவிடுவான். செய்முறை பொய்த்தால் ஒரு படி அரிசியும் ஒரு கிலோ வெல்லமும் வீணாகும். செய்தவரின் தன்னம்பிக்கையும் அவற்றோடு சிறிது கரையும். ஆகவே, இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளை நம் வீட்டு அடுக்களையில் செய்துபார்த்து, அவற்றை எழுத்தாகவும் எடைபோட முனைந்தோம்.

இம்முயற்சிக்கு ஒரு காரணம் உண்டு. ஐம்பது ஆண்டுகளாக நம் இல்லத்தின் அடுப்பைக் காத்துவந்த தமக்கையாருக்கு இரண்டாண்டுகளுக்கு முன் வலக்கை நடுங்கத் தொடங்கியது. கொதிக்கும் பாகையும் எண்ணெயையும் அந்தக் கையை நம்பி விட்டுவிட இயலாது என்றாயிற்று. அதுவரை, 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு நாட்களில் பலர் வீட்டிலும் நிகழ்ந்ததைப் போலவே, இணையச் சமையல் நம் வீட்டிலும் பொழுதுபோக்காகத்தான் இருந்தது. கல்லூரியில் பயிலும் பேத்தி கைப்பேசியைப் பருப்பு டப்பாவின்மேல் சாய்த்துவைத்து ஏதேனும் கிண்டுவாள். நாம் சுவைத்துச் சிரிப்போம். தமக்கையார் முக்காலியில் அமர்ந்துவிட்ட பிறகு அது பொழுதுபோக்காக இருக்கவில்லை. கரண்டி, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் கைக்கும் அறுபது கடந்த வயதில் முதன்முறையாக அடுப்பைப் பற்றவைத்த நம் கைக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் இருவருக்கும் ஆசானாக வாய்த்தது அந்தக் கைப்பேசியே.

செய்துபார்த்த முறையைச் சொல்லிவிடுகிறோம். மூன்று பண்டங்களைத் தேர்ந்தோம். ஒவ்வொன்றையும் இரு முறை செய்தோம். முதன்முறை, செய்முறையின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தோம். ஒரு வரியையும் மாற்றவில்லை, தமக்கையாரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டாம் முறை, அடுப்பிலிருக்கும் பண்டத்துக்குக் கீழ்ப்படிந்தோம். செய்முறைகளை வழங்கியவர்களின் பெயர்களை இங்கே குறிப்பிடவில்லை. நாம் கண்ட குறைகள் ஒருவர் இருவருக்கு உரியவை அல்ல, ஒரு வகைக்கே பொதுவானவை என்பது நம் கருத்து.

முதலில் ஒரு வேறுபாட்டை வரையறுத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் சமையல் என்னும் பெயரில் வருவன எல்லாம் செய்முறைகள் அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனலை அறியாதவர் குறைவு. ஒரு பெரியவரும் அவருடைய பேரன்மாரும் வயல்வெளியில் பெரும் பாத்திரங்களில் சமைக்கும் அந்தக் காணொளிகள் 2021ஆம் ஆண்டில் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டின. அவற்றைப் பார்த்து எவரும் தம் வீட்டு அடுப்பில் அண்டாவை ஏற்றப்போவதில்லை. ஏற்றுமாறு அவர்களும் கேட்கவில்லை. அது கூட்டு உழைப்பின் காட்சி. திருவிழாவில் தேர் இழுப்பதைக் கண்டு மகிழ்வதைப் போல அதைக் கண்டு மகிழலாம். காட்சியைச் செய்முறையின் அளவுகோலால் அளப்பது முறையன்று. ஆனால் 'வாருங்கள், உங்கள் வீட்டில் செய்து பாருங்கள்' என அழைக்கும் ஒன்று அந்த அழைப்பாலேயே ஒரு கடப்பாட்டை ஏற்கிறது. நம் விசாரணை அதைப் பற்றியதே.

முதற்பண்டம் கோழிக் குழம்பு. 'வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும். ஐந்து நிமிடம் போதும்' என்றது செய்முறை. அரைக் கிலோ வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வதக்கினோம். ஐந்தாம் நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடி போலத் தெளிந்திருந்ததே தவிரப் பொன்னிறம் அணுகவில்லை. சொல்லுக்குக் கீழ்ப்படிவது என்ற விதியின்படி அந்நிலையிலேயே மசாலையைச் சேர்த்தோம். குழம்பு நீர்த்து, பச்சை வெங்காயத்தின் இனிப்பு தூக்கலாக நின்றது. அடுத்த வாரம், நிறம் வரும்வரை காத்திருந்தோம். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

ஐந்து எங்கே, இருபத்தைந்து எங்கே! இதைப் பொய் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்பதே பயனுடையது. காணொளியில் வெங்காயம் எண்ணெயில் விழுகிறது, ஒரு வெட்டு, அடுத்த நொடி அது பொன்னிறமாக இருக்கிறது. திரைப்படத்தில் ஊரிலிருந்து புறப்பட்டவன் மறுகாட்சியில் பட்டணத்தில் இறங்குவது போன்ற உத்தி இது. கதைக்கு அது கேடில்லை. பயணம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என நாம் அறிவோம். சமையல் அறியாதவர்க்கோ அந்த வெட்டுக்குள் மறைந்த இருபது நிமிடங்களே பாடம். தீயை எப்போது தணிப்பது, அடிப்பிடிக்கும்போது ஒரு கை நீர் தெளிப்பதா, பச்சை வாசனை எந்தக் கணத்தில் இனிய வாசனையாக மாறுகிறது என்பவையெல்லாம் அந்த இடைவெளியில்தான் நிகழ்கின்றன. பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் என்று களைந்தெறியப்பட்ட நேரமே, செய்பவருக்கு மிகவும் வேண்டிய நேரம்.

இரண்டாவது பண்டம் அடுமனை அடுப்பு இல்லாமல் குக்கரில் செய்யும் கேக். குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, மூடியின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கிவிட்டுச் சிறுதீயில் வேகவைக்கும் இம்முறை ஊரடங்கு நாட்களில் பல வீடுகளுக்குக் கைகொடுத்தது. 'ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, மூன்று முட்டை, முப்பத்தைந்து நிமிடம்' என்றது குறிப்பு. நாம் எடுத்த கப், காப்பி குடிக்கும் எவர்சில்வர் டம்ளர். விளைவு, முட்டை வாடை மிகுந்து இரப்பர் போல் இழுபட்ட ஒரு வட்டம்.

குற்றம் எங்கே? அமெரிக்கச் சமையலறைகளில் கப் என்பது ஏறத்தாழ 240 மில்லிலிட்டர் கொள்ளும் திட்டமான அளவை. 1896இல் பாஸ்டன் சமையற்பள்ளியின் பெயரால் ஃபேனி ஃபார்மர் வெளியிட்ட நூல், கப்பையும் கரண்டியையும் தலைதட்டிச் சமமட்டமாக அளக்கும் வழக்கத்தைப் பரப்பியது. நம் வீடுகளில் கப் என்பது கைக்கு எட்டிய எதுவுமாக இருக்கலாம். அரிசியையும் வெல்லத்தையும் ஒரே டம்ளரால் அளந்தால் தீங்கில்லை; விகிதம் காக்கப்படும். ஆனால் டம்ளர் சிறுத்தால் முட்டை சிறுப்பதில்லையே! விகிதத்தால் சொல்லும் அளவும் எண்ணிக்கையால் சொல்லும் அளவும் ஒரே வாக்கியத்தில் கலக்கும்போது, கப் எவ்வளவு கொள்ளும் என்று சொல்லுவது எழுதுபவரின் கடமை. அந்தக் குறிப்பு சொல்லவில்லை.

எனினும் அதற்கு ஒரு பெருமையை அளிக்கவே வேண்டும். 'நடுவில் ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தது. ஒட்டினால் இன்னும் பொறுங்கள்' என்று அது கூறியிருந்தது. இரண்டாம் முறை, 240 மில்லிலிட்டர் கப்பால் அளந்து, அந்தக் குச்சியை நம்பிக் காத்திருந்தோம். முப்பத்தைந்து நிமிடத்தில் அன்று, ஐம்பதில் வெந்தது. குக்கரின் கனமும் அடுப்பின் தீயும் வீட்டுக்கு வீடு மாறும்; குச்சியின் சாட்சி மாறுவதில்லை. அளவு தவறிய செய்முறையையும் ஓர் அடையாளம் காப்பாற்றிவிட்டது.

மூன்றாவது அதிரசம். இதற்கென்றே முதலிரண்டையும் செய்தோம் எனலாம். விடுமுறைக்குப் பிள்ளைகள் கூடும்போது தமக்கையார் சுடும் அதிரசம் நம் சுற்றத்தில் பெயர் பெற்றது. அவர் கை ஓய்ந்த ஆண்டில் அது நின்றுபோயிற்று. 'உடனடி அதிரசம்' என்ற தலைப்பில் ஒரு செய்முறை கிடைத்தது. 'இனி இதற்கெனக் காத்திருக்கவே வேண்டாம்' என்றும், 'வாயில் வைத்ததும் கரையும்' என்றும் அது உறுதி கூறியது. கடையில் விற்கும் காய்ந்த அரிசிமாவு போதும்; வெல்லம் இரண்டு கொதி வந்ததும் மாவைக் கொட்டிக் கிளறிச் சுடலாம் என்பதே அதன் சாரம். அவ்வாறே செய்தோம். வாயில் கரைவதற்கு முன்னே எண்ணெயிலேயே கரைந்தது. தட்டிப் போட்ட ஒவ்வொன்றும் நுரைத்துப் பிரிந்து, எண்ணெய் முழுவதும் கருந்துகள்களாய் மிதந்தது. பேத்தி அடுப்பை அணைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் முற்றத்தில் போய் நின்றாள். 'எனக்குக் கைப்பக்குவம் இல்லை ஆச்சி' என்றாள் பிறகு. செய்முறை பொய்த்திருக்க, அவள் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டாள். இவ்வகை எழுத்து செய்யும் தீங்குகளில் இதுவே பெரிதென நமக்குத் தோன்றியது.

மறுமுறை பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் பிடிபடும் ஈரம் இருக்கும்போதே அரைத்துச் சலித்தோம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி அடுப்பேற்றினாள் பேத்தி. முக்காலியிலிருந்து தமக்கையாரின் குரல் வந்தது. 'இன்னும் இல்லை.' சற்றுப் பொறுத்து, 'இன்னும் இல்லை.' பிறகு சட்டென்று, 'இப்ப இறக்கு.' அவர் இருந்த இடத்திலிருந்து பாகு தெரியாது. எப்படித் தெரிந்தது என்று கேட்டாள் பேத்தி. 'சத்தம் அடங்கிட்டுல்லா' என்றார். நீர் வற்றும்போது கொதிப்பின் சலசலப்புத் தணிந்து நுரை கனக்கும். அந்த மாற்றத்தை அவர் செவி அறிந்திருக்கிறது. கிண்ணத்து நீரில் ஒரு துளி பாகை விட்டு விரலால் திரட்டினோம். மெழுகு போல உருண்டது. தட்டில் போட்டால் ஓசை எழக்கூடாது. எழுந்தால் பதம் கடந்துவிட்டது, அதிரசம் கல்லாகும் என்றார்.

பதம் என்னும் சொல்லை இங்கே நினைத்துப் பார்க்கிறோம். சொல்லுக்கும் பதம் என்றே பெயர். பக்குவத்துக்கும் பதம் என்றே பெயர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியில் அது சான்றாகவும் நிற்கிறது. நல்ல செய்முறை இம்மூன்றையும் ஒருங்கே தரவேண்டும்: சொல், பக்குவம், அப்பக்குவத்தை அறியும் சான்று. நிமிடக் கணக்கு அடுப்பைப் பொறுத்தது. கப் கணக்கு பாத்திரத்தைப் பொறுத்தது. பதம் ஒன்றே பண்டத்தைப் பொறுத்தது. இணையச் செய்முறைகளில் பெரும்பாலானவை முதலிரண்டையும் தாராளமாகத் தந்து மூன்றாவதைக் கைவிடுகின்றன.

இவ்வளவில் கட்டுரையை முடித்து, 'தாய்வழி வந்த கைப்பக்குவத்துக்கு இணையம் ஈடாகாது' என்று தீர்ப்பெழுத எண்ணியிருந்தோம். அந்தத் தீர்ப்பைத் தமக்கையாரிடம் படித்தும் காட்டினோம். அவர் சிரித்துவிட்டார். 'அம்மா எப்ப தம்பி அதிரசம் சுட்டாங்க? அரிசியை அளந்து அளந்து பொங்கின காலம் அது' என்றார். பின் அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துவரச் சொன்னார். அதில் ஒட்டப்பட்டிருந்தது, 1974இல் ஒரு வார இதழ் இலவச இணைப்பாகத் தந்த பலகாரக் குறிப்பு. எண்ணெய்க் கறை படிந்து எழுத்துகள் பாதி மறைந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் கற்றாராம். மூன்று முறை எண்ணெயில் கரைந்துபோயிற்றாம். நான்காம் முறை வந்தபோது, குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார்: 'பாகு உருளணும். ஒரு ராத்திரி மாவு இருக்கணும். தீ குறைவு.'

நம் தீர்ப்பை அந்த மூன்று வரிகள் மாற்றின. தாயிடம் கற்றது உயர்வு, ஏட்டிலும் திரையிலும் கற்றது தாழ்வு என்ற பிரிவு உண்மையன்று. 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', அருகில் தாயோ மாமியாரோ இல்லாத பெண்கள் பலருக்குத் துணைநின்ற நூல் என்பதை மறந்துவிட்டோம். அதன் தலைப்பே எவ்வளவு பொறுமையானது! 'சமைத்து மகிழ்' என்றோ 'நொடியில் சமை' என்றோ அது சொல்லவில்லை. சமை, பிறகு பார். பார்ப்பதற்கு அங்கே இடமிருக்கிறது, தவறுவதற்கும் இடமிருக்கிறது.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டும் நினைவுக்கு வருகிறது. கூடலூர் கிழார் பாடியது. புதிதாக இல்லறம் ஏற்ற பெண் தாளிப்புப் புகை கண்ணில் படிய, தானே வருந்திச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று சொல்லி உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அந்தக் காட்சியின் இனிமையை எத்தனையோ முறை மேடையில் வியந்து பேசியிருக்கிறோம். அடுக்களையில் நின்றபோது வேறொன்று உறைத்தது. அவனைப் போலவே நாமும் வாழ்நாள் முழுவதும் 'இனிது' என்ற ஒற்றைச் சொல்லோடு நம் திறனாய்வை முடித்துக்கொண்டிருக்கிறோம். பாகு எப்போது இறக்கப்பட்டது, மாவு எத்தனை நாள் இருந்தது, எத்தனை முறை கரைந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காத நாம், சொல்லாத இணையத்தைக் குறைகூற எழுந்தோம்.

இணையத்தின் நன்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாகின் நிறத்தையும் மாவின் இளக்கத்தையும் ஏட்டுக் குறிப்பால் காட்ட முடியாது, காணொளியால் முடியும். ஒரே இடத்தை நிறுத்தி நிறுத்திப் பத்து முறை பார்க்கலாம். அது முகம் சுளிப்பதில்லை. அடுப்படியில் நுழையவே கூச்சப்பட்ட நம்மைப் போன்ற ஆண்களுக்கும் அது கதவைத் திறந்திருக்கிறது. தேடலின் இறுதியில் ஒரு நல்ல காணொளியையும் கண்டோம். இசை இல்லை, படமும் ஆடிற்று. முதிய பெண்மணி ஒருவர், முந்தைய நாள் பிரிந்துபோன அதிரசத்தை ஒரு தட்டில் கொண்டுவந்து காட்டி, 'பாகு இளகலா இருந்தா இப்படித்தான் ஆகும். கொஞ்சம் அரிசிமாவு சேர்த்துப் பிசைங்க' என்றார். இறுகிவிட்டால் வெதுவெதுப்பான பால் தெளிக்கச் சொன்னார். தவறியதைக் காட்டிய அந்தக் கையின்மேல் நமக்குப் பிறந்த நம்பிக்கை, தவறாத நூறு கைகளின்மேல் பிறக்கவில்லை.

ஆகவே நம் முடிபு இது. இணையச் செய்முறையின் குறை அது இணையத்தில் இருப்பதன்று, அளவு சொல்வதுமன்று. தன் தோல்வியை வெட்டியெறிந்துவிட்டு வெற்றியை மட்டும் கையளிப்பதே அதன் குறை. எழுதுபவர் தாம் தவறிய இடத்தைச் சொல்லாவிடில், வாசிப்பவர் அங்கே தனியாக விழுவார். விழுந்ததற்குத் தம்மையே நொந்துகொள்வார்.

தமக்கையாரின் செய்முறையைச் சென்ற மாதம் பேத்தியும் நாமும் சேர்ந்து எழுதி முடித்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதியது. ஒரு கிலோ பச்சரிசி, முக்கால் கிலோ வெல்லம், ஏலம், சுக்கு, நெய் என்ற பட்டியல் இரண்டே வரி. எங்கெங்கே கெடும், கெட்டால் என்ன செய்வது என்பது பதினோரு வரி. கல்லூரி திறந்ததும் அந்தத் தாளை மடித்து எடுத்துச்சென்றாள். தோழியர் தங்கியிருக்கும் வீட்டில் செய்துபார்த்ததாக ஒரு ஞாயிறன்று தொலைபேசியில் அழைத்தாள்.

'வந்ததா?' என்று கேட்டார் தமக்கையார்.

'முதல் ஈடு கரைஞ்சு போச்சு ஆச்சி. பாகை முன்னாடியே இறக்கிட்டேன். மாவு சேர்த்துப் பிசைஞ்சு ராத்திரி வச்சிருக்கேன், நாளைக்குச் சுடணும்.'

தமக்கையார் தொலைபேசியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, 'தீயைக் குறைச்சு வை' என்றார்.